சிலோன்ல இருக்குற அத்தை வீட்டுக்கு அப்பா 40 வருஷத்துக்கு மேல செஞ்சத நான் எப்படி தொடர்றது?

பால்மரத்துப்பையன்:

வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட், தோட்டத்துல பொறந்து இப்ப டவுனுக்குப் பக்கத்துல தாமான்ல (குடியிருப்புல) இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், முழுசா சொன்னாதான் கேள்வி புரியும்.

எங்க தாத்தாவும் அவரு தம்பியும் திருச்சி பக்கம் ஒரே ஊருல இருந்து கெளம்புனவங்க. தாத்தாவ ஒரு கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேக்குறவரு) நாகப்பட்டணத்துல கப்பல் ஏத்தி பினாங்குக்கு கொண்டாந்துட்டாரு, தம்பிய இன்னொரு கங்காணி மண்டபம் கேம்ப் வழியா சிலோனுக்கு கொண்டு போயிட்டாரு. தாத்தா ரப்பர் மரத்துல பால் வெட்டுனாரு, தம்பி ஹட்டன் பக்கம் தேயிலை மலையில. அதுக்கப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவேயில்ல, சாகுற வரைக்கும் கடுதாசிதான்.

சின்னத் தாத்தாவுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுதான் எனக்கு அத்தை. 1948ல சிலோன்ல குடியுரிமை சட்டம் போட்டு மலையகத்து சனங்க பெரும்பாலானவங்கள நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க, அதனால அத்தைகிட்ட பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு இருந்ததேயில்ல, எங்கயும் வர முடியாது. பாக்கணும்னா நாங்கதான் போகணும். அப்பா 1979ல முதல் தடவ போனாரு. அதுக்கு முன்னாடியே அத்தையோட அண்ணன, அந்த நாடில்லாத சனங்கள சிலோனும் இந்தியாவும் பிரிச்சுக்க 1964ல போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு எழுதி நீலகிரி பக்கம் அனுப்பிட்டாங்க. அப்ப அத்தைக்கு கூடப்பொறந்தவன்னு பக்கத்துல யாருமில்ல. 1981ல அத்தை மக பெரிய மனுஷி ஆனப்ப தாய்மாமன் சீருக்கு ஆளில்லன்னு கடுதாசி வந்துச்சு, அப்பா ஈப்போவுல பட்டு எடுத்துக்கிட்டு பறந்து போயி தாய்மாமனா நின்னு சீர் வச்சிட்டு வந்தாரு. அதுக்கு வாங்குன கடன அடைக்க ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போனாருன்னு அம்மா சொல்லும்.

அந்த சடங்குக்குப் போனப்ப லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) எல்லா பிள்ளைங்களும் வெறுங்காலோட பள்ளிக்கூடம் போறதப் பாத்திருக்காரு. அங்க இருந்து ஆரம்பிச்சது. வருஷா வருஷம் அந்த லயத்துப் பிள்ளைங்களுக்கு சப்பாத்து, நோட்டு. அத்தை ஒவ்வொரு பிள்ளையோட கால பேப்பர்ல வச்சு பென்சில்ல கோடு போட்டு அனுப்பும், அத வச்சி கொழும்புல அளவு பாத்து வாங்குவாரு. 2022ல டாலர் 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் போயி பால்மாவு, மண்ணெண்ணெய்க்கெல்லாம் வரிசையில நின்னாங்களே, அப்ப இ.பி.எப் (சேமநிதி) காசுல இருந்து எடுத்து 6 மாசம் அந்த லயத்துக்கே அரிசி வாங்கிக் குடுத்தாரு.

போன மாசிமாசம் அப்பா தவறிட்டாரு. அத்தை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிடுச்சு. அலமாரியில அப்பா நோட்டும் அந்த கால் வரைஞ்ச பேப்பரெல்லாமும் ஒரு மைலோ டின்னுல இருந்துச்சு. நான் அத்தை பையனுக்கு, மச்சானுக்கு, போன் பண்ணி இனிமே நான் அனுப்புறேன்னு சொன்னேன். அவன் வேணாம் மச்சான்னுட்டான். மாமா செஞ்சது மொறை, நீ அனுப்புனா அது உதவியாயிடும், நாங்க வாங்குற சனமில்லன்னான். நான் ஏதோ தப்பா கேட்டுட்டேன்னு மட்டும் தெரியுது. ராத்திரி தூக்கம் வரல. இத எப்படி செய்யணும்? டிரஸ்ட் மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கலாமா? யாராச்சும் இப்படி செய்றவங்க இருந்தா சொல்லுங்க.

செம்பனைக்காடு:

தம்பி, அப்பாவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். டிரஸ்ட்டெல்லாம் இப்ப வேணாம், 30, 40 பிள்ளைங்களுக்கு செய்றதுக்கு அது பெரிய சொமை, கணக்கு ஆடிட்டுன்னு போயிக்கிட்டே இருக்கும். வரிவிலக்கு கிடைக்கும்னு நெனச்சு ஆரம்பிக்காதீங்க, உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரிச்ச அமைப்புக்கு குடுத்தாத்தான் இங்க கழிக்க முடியும், சிலோனுக்கு நேரா அனுப்புற காசு அதுல வராது. அங்க வீடு, நெலம் வாங்கி பிள்ளைங்களுக்கு படிப்பு எடம் வைக்கலாம்னு யாராச்சும் சொன்னாலும் கேக்காதீங்க, 2014ல போட்ட சட்டப்படி வெளிநாட்டுக்காரங்க பேர்ல அங்க நெலம் எழுத பெரிய தடை இருக்கு.

நாங்க நாலஞ்சு பேரு சேந்து பல வருஷம் முன்னாடி அங்க ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு தண்ணி டேங்க் வைக்க காசு சேத்து நடுவுல ஒரு ஆள நம்பி குடுத்தோம். போட்டோ வந்துச்சு, ரசீதும் வந்துச்சு, நேர்ல போயி பாத்தா டேங்க் இல்ல. எனக்கு இன்னிக்கும் அந்த வயித்தெரிச்சல் அடங்கல, குடுத்தவங்க எல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டுற கூலிக்காரங்க. அதுக்கப்புறந்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்றதா இருந்தா அங்க பாடசாலை அபிவிருத்திச் சங்கம்னு ஒண்ணு இருக்கு, அதிபரும் (தலைமையாசிரியர்) பெத்தவங்களும் அதுல இருப்பாங்க, அந்தக் கணக்குலதான் போடணும்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு, கோவப்படாதீங்க. நம்ம பக்கத்து தமிழ்ப்பள்ளிங்களுக்கும் தேவை இருக்கு. அதையும் பாருங்க.

தாமான்அக்கா:

அண்ணே அது உண்மைதான், ஆனா அவரு கேட்டது வேற. அத்தை வீட்டுக்கு செய்றதையும் பள்ளிக்கு நன்கொடை குடுக்குறதையும் ஒண்ணா வைக்க முடியுமா?

கொழுந்துக்கூடை:

நான் தலவாக்கலை பக்கம் பொறந்தவ, கட்டிக் குடுத்தது தெலுக் இந்தான்ல, 19 வருஷமாச்சு. உங்க கதைய படிச்சிட்டு அழுதுட்டேன் தம்பி. எங்க வீட்லயும் பாதி பேர 64 ஒப்பந்தத்துல கூட்டிட்டுப் போயிட்டாங்க, 84ல இந்தியாவுக்குப் போற தலைமன்னார் கப்பல் நின்னதும் போறதுக்குன்னு எழுதி வச்ச எங்க பெரியப்பா அங்கயுமில்லாம இங்கயுமில்லாம மாட்டிக்கிட்டாரு. 2003 சட்டம் வந்த பொறகுதான் அவரு கையில ஒரு நாட்டுப் பேப்பர் வந்துச்சு, அப்ப அவருக்கு 70 தாண்டிடுச்சு.

உங்க மச்சான் சொன்னதுல ஒரு தப்புமில்ல. எங்க ஆளுங்க நாள் பூரா மழையில கொழுந்தெடுத்து, கிலோ கொறஞ்சா அரைப்பேரு (அரைநாள் சம்பளம்) வாங்கி வாழுற சனம். நாள் சம்பளம் 2021ல 1000 ரூபா, 2024ல 1350, அதுவும் போராடிப் போராடி வந்தது. வெளிய இருந்து ஆளுங்க வந்து சாமான் குடுத்து பிள்ளைங்கள வரிசையில நிக்க வச்சு போட்டோ எடுக்குறத நெறைய பாத்தவங்க நாங்க. உங்கப்பா ஒரு நாளும் அப்படி செஞ்சிருக்க மாட்டாரு, அவரு வந்தா அந்த வீட்டுக்கு அண்ணன் வந்திருக்காரு, அவ்வளவுதான். நீங்க போன் எடுத்து நான் அனுப்புறேன்னு சொன்னா உங்க மச்சானுக்கு எப்படி இருக்கும்?

ஒண்ணு யோசிங்க. உங்க மச்சானோட பிள்ளைங்களுக்கு நீங்க யாரு? மாமா. அப்பா அவங்க தலைமுறைக்கு என்ன மொறையோ அதே மொறை இந்தப் பிள்ளைங்களுக்கு உங்களுக்கு வருது, யாரும் குடுக்க வேண்டாம், தானா வந்தது. மச்சானுக்கு பொம்பளப் பிள்ளை இருக்கா? சடங்கு, காதுகுத்து, கல்யாணம், ஒண்ணு வராமலா இருக்கும். மொதல்ல ஒரு தடவ குடும்பத்தோட போங்க, அத்தை படத்துக்கு முன்னாடி நில்லுங்க, அப்பா படமும் ஒண்ணு கொண்டு போயி அங்க மாட்டுங்க. காசு பேச்சே எடுக்காதீங்க. சப்பாத்தப் பத்தி அவங்களா பேசுவாங்க.

அப்படி பேசுனா இத மனசுல வச்சுக்கோங்க. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கமே குடுக்குது, அதுக்கு செலவு பண்ணாதீங்க. கஷ்டம் சப்பாத்து, கொப்பி (நோட்டு), பஸ் காசு, அப்புறம் பெரிய வகுப்புல டியூஷன். உயர்தரத்துல (பள்ளிக்கூடத்துல கடைசி ரெண்டு வருஷ படிப்பு) கணிதம், விஞ்ஞானம் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடம் மலையில கொஞ்சம்தான், அதுக்கு டவுன்ல தங்கணும், அந்த எடத்துலதான் எங்க பிள்ளைங்க பாதியில விட்டுட்டு கொழும்புக்கு கடை வேலைக்குப் போயிடுதுங்க. 40 பேருக்கு சப்பாத்து வாங்குறதோட ஒரு பிள்ளைய அந்த ரெண்டு வருஷம் தாங்கிப் புடிச்சா அது பெரிய காரியம். ஆனா எந்தப் பிள்ளைன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, லயத்துல சண்டை வந்துடும், மச்சான் சம்சாரத்துகிட்ட விடுங்க.

பால்மரத்துப்பையன்:

அக்கா, நேத்து ராத்திரி போன் பண்ணேன். காசப் பத்தி ஒரு வார்த்தை பேசல, வரலாம்னு இருக்கோம்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமேயில்ல, அப்புறம் அவன் சம்சாரம் போன வாங்கி எத்தன பேரு, பிள்ளைங்க காரம் சாப்பிடுமா, குளிரு தாங்குமான்னு கேட்டுச்சு. சின்ன மகளுக்கு வர்ற தையில காதுகுத்து வச்சிருக்காங்களாம். மாமா மடியில உக்கார வைக்கணும், இவ்வளவு நாளா யார உக்கார வைக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருந்தோம்னு சொல்லுச்சு.

செம்பனைக்காடு அண்ணே, நீங்க சொன்னதும் மனசுல இருக்கு, நான் படிச்ச தோட்டத்துப் பள்ளியில போயி பாக்குறேன். ஒரு கேள்வி மட்டும், காதுகுத்துக்கு அங்க மாமன் என்னென்ன கொண்டு போகணும்? இங்க நாங்க தோடும் துணியும் மட்டும்தான் செய்வோம்.

கொழுந்துக்கூடை:

தோடு, பிள்ளைக்கு பட்டுப் பாவாடை, அம்மாவுக்கு சேலை, அப்பாவுக்கு வேட்டி. தேங்கா, பழம், இனிப்பெல்லாம் ஹட்டன் டவுன்லயே வாங்கிடலாம், தட்டு எண்ணிக்கை ஒத்தப்படையில வைங்க. பட்டு ஈப்போவுலயே எடுங்க, அப்பா எடுத்தது அங்கதானே. ஸ்வெட்டர் மறக்காதீங்க, தையில ராத்திரி நல்லா குளிரும். அந்த மைலோ டின்ன கையோட எடுத்துட்டுப் போங்க தம்பி, அந்தப் பேப்பர்ல உள்ள கால்காரங்க பாதிப் பேரு இப்ப அங்கயே பெரியவங்களா இருப்பாங்க.