தங்கச்சி கனடாவில் ஒரு கறுப்பினப் பெடியனைக் கட்டப்போகிறாள், அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

கண்டாவளையான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பக்கம். அப்பா 2009 இல் செல்லடியில் போய்விட்டார். இப்போது அம்மாவும் நானும் தங்கச்சியும்தான். தங்கச்சி எட்டு வருசமாக ஸ்காபரோவில் இருக்கிறாள், தாதி வேலை. போன மாதம் ஒரு இரவு போன் எடுத்து, "அண்ணா, ஒராளை விரும்புறன், கலியாணம் கட்டப்போறம்" என்றாள். படமும் அனுப்பினாள். ஆள் கறுப்பினத்தவர். பிறந்து வளர்ந்தது ரொறன்ரோவில், குடும்பம் ஜமேக்காவிலிருந்து வந்தது. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி, அவர் எக்ஸ்ரே பிரிவில்.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "ஒரு காப்பிலிதானோ உனக்குக் கிடைச்சவன்?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். பத்து நாளாகக் கதையில்லை.

என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் நான் இனம் பார்க்காத ஆள் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனம் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய அடையாள அட்டை ஞாபகம் இருக்கிறதா? சிங்களவரின் அட்டையில் சிங்களம் மட்டும், எங்களுடையதில் தமிழும் சேர்ந்திருக்கும், வாசிக்கவே தேவையில்லை, தூரத்தில் பார்த்தாலே ஆள் யாரென்று விளங்கிவிடும். ஒருமுறை கொழும்பில் பஸ்ஸை மறித்து, அட்டையைப் பார்த்து, என்னை மட்டும் இறக்கினார்கள். நான் எழும்பி இரண்டடி வைக்கவில்லை, பக்கத்தில் இருந்த மனுசி தன்னுடைய மரக்கறிப் பையைத் தூக்கி என் இருக்கையில் வைத்துவிட்டது. நான் திரும்பி வரமாட்டேன் என்று அவவுக்கு அவ்வளவு நிச்சயம். அந்தப் பையை இன்றுவரை மறக்கவில்லை. அப்படிப்பட்ட நான், என் தங்கச்சி சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு படத்தைப் பார்த்து வயிறு பிசைந்து அந்தச் சொல்லைச் சொன்னேன்.

வெள்ளைக்காரன் என்றால் இப்படிக் கேட்டிருப்பேனா? மாட்டேன். ஊரில் ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை வேட்டியோடு வந்து புளியம்பொக்கணைக் கோயிலில் பொங்கினபோது சனம் சுற்றிநின்று படம் எடுத்தது. நானும் எடுத்தேன்.

இப்போது இரண்டு கேள்வி. அம்மாவுக்கு 63 வயது, பிறசர் இருக்கிறது, அவருக்கு இதை எப்படிச் சொல்வது? அதற்கு முதல், எனக்குள் கிடக்கிறதை நான் எப்படி எடுப்பது?

முறிகண்டி:

தம்பி, நீர் கேட்டபடியால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தச் சொல் பிழை, அதற்கு மன்னிப்புக் கேளும். ஆனால் பயம் முழுவதும் நிறத்தால் வந்தது என்று உம்மை நீரே அடித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு 70 வயது. எங்கள் ஒழுங்கையில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இப்போது ஜேர்மனி, பிரான்ஸ், கனடா. பேரப்பிள்ளை வீடியோவில் வந்து கையைக் காட்டும், நான் ஒன்று கேட்பேன், அது தாயின் முகத்தைப் பார்க்கும். முகாமுக்குள் இரண்டு உடுப்போடு போய்த் திரும்பி வந்த சனம் நாங்கள், மிச்சமாக இருந்தது கதை மட்டும்தான். அதுவும் போகப்போகிறது என்று உங்கள் அம்மா அழுதால் அதை இனத்துவேசம் என்று சொல்லிவிடாதேயும்.

பாரதிபுரத்தான்:

முறிகண்டி ஐயா சொல்கிற கவலை உண்மை, ஆனால் உங்கள் பேரப்பிள்ளையின் தாயும் தகப்பனும் இரண்டு பேரும் தமிழர்தானே. கறுப்பின மாப்பிள்ளை வந்ததால் தமிழ் போகவில்லை.

அண்ணை, நீங்கள் சொன்ன அந்தச் சொல்லைப் போல, இந்தியாவிலிருந்து வந்த மலையகத் தமிழர் எங்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது, வடக்கத்தையான். 1977 கலவரத்தில் என் தாத்தா கண்டிப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியிருந்தவர். 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போன சனம். அப்பா பிறந்தது மலையில், நான் பிறந்தது இங்கே, என் பிள்ளைகளும் இங்கே. சண்டைக்காலத்தில் எல்லாரோடும் ஒரே பங்கருக்குள் படுத்தோம். அப்புறம் 2014 இல் நான் விரும்பிய பிள்ளையின் வீட்டுக்குக் கேட்டுப் போனோம், தேத்தண்ணி தந்தார்கள், நல்லாகத்தான் கதைத்தார்கள். திரும்பிப் படலையைச் சாத்தும்போது உள்ளே இருந்து ஒரு கிழவியின் குரல், "வடக்கத்தையானுக்கோ குடுக்கப்போறியள்?" அம்மா கேட்காத மாதிரி நடந்தார். கேட்டது எனக்குத் தெரியும், கையில் இருந்த பழத்தட்டு ஆடினது. அந்தக் கலியாணம் நடக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இதைக் கனடாப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உங்கள் வாயில் வந்த சொல் இங்கே, எங்கள் ஊரால் போகிற ஏ9 தெருவில் வைத்தே பழகினது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜமேக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று 1845 இலிருந்து இந்தியாவிலிருந்து கூலிகளை ஏற்றிப் போனார்கள். அந்தக் காலத்தில்தான் என் முன்னோரைக் கோப்பித் தோட்டத்துக்கு மலைக்கு நடக்கவைத்தார்கள். அங்கே அடிமைகள் விட்ட தோட்டத்தில் எங்கள் ஆட்கள் கரும்பு வெட்டினார்கள். அவரின் முன்னோர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் குடும்பம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நீராவிப்பிட்டி:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் முல்லைத்தீவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது, பிறகு இருபது வருசம் புத்தளத்தில்தான் வாழ்க்கை. காப்பிலி என்ற அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு விசயம் தெரியும். அது அரபு மொழியின் காபிர் என்ற சொல். ஆபிரிக்காவில் முஸ்லிம் அல்லாதவர்களை அரபு வியாபாரிகள் அப்படிக் கூப்பிட, போர்த்துக்கேயர் அதை எடுத்து ஆளுக்கே பெயராக்கி, எங்கள் கரைக்கும் கொண்டுவந்தார்கள். சொல்லோடு மனிதரையும் கொண்டுவந்தார்கள், சிலர் அடிமைகளாக, சிலர் சிப்பாய்களாக. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். அவர்களின் சந்ததி புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் இன்றும் இருக்கிறது. முன்பு போர்த்துக்கேயக் கிரியோல் பேசினவர்கள், இப்போது வீட்டில் சிங்களம். ஊரில் கலந்து கலியாணம் கட்டி முகமும் நிறமும் மாறிவிட்டது, ஆனால் மஞ்ச என்கிற தங்கள் பாட்டைப் பாடத் தொடங்கினால் கையில் கிடைத்த போத்தல், கரண்டி, சிரட்டை எல்லாம் தாளமாகிவிடும்.

பள்ளியில் என்னோடு ஒரு பெடியன் அந்த ஊர். நான் அகதி, அவன் காப்பிலி, இரண்டு பேருக்கும் வகுப்பில் பெயர் இல்லை. மத்தியானம் அவன் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கைப் பிரித்துத் தருவான். அண்ணை, உங்கள் மச்சானாக வரப்போகிறவருக்கு ஒரு பெயர் இருக்கும். நீங்கள் எழுதியதில் அது எங்கேயும் இல்லை. இங்கே போட வேண்டாம், ஆனால் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகுங்கள்.

தாண்டிக்குளம் அக்கா:

நான் அனுபவத்தில் சொல்கிறேன். அவர் சிங்களவர், மதவாச்சிப் பக்கம். 2012 இல் கலியாணம் எழுதினோம். அப்பா மூன்று வருசம் என் வாசலை மிதிக்கவில்லை. அவர் வீட்டிலும் சந்தோசமில்லை, மாமி என் சமையலைத் தொட ஒரு வருசம் எடுத்தது.

அம்மாவுக்கு முதலில் படத்தைக் காட்டாதீர்கள். நான் செய்த பெரிய பிழை அதுதான், அப்பா என் மனுசனை முதலில் ஒரு இனமாகத்தான் பார்த்தார், பிறகு மனுசனாகப் பார்க்க மூன்று வருசம் பிடித்தது. ஆளைப் பற்றிச் சொல்லுங்கள், தங்கச்சிக்குச் சுகமில்லாமல் வந்தால் யார் கஞ்சி வைக்கிறது, அவர் தன் தாயோடு எப்படி என்று. ஆனால் நிறத்தை ஒளிக்கவும் வேண்டாம், இரண்டாவது நாளே சொல்லிவிடுங்கள். ஒளித்தால் அது வெட்கப்படுகிற விசயம் என்று நீங்களே சொன்ன மாதிரி.

எல்லாம் இலகு என்று நான் சொல்லமாட்டேன். மகள் பிறந்தபோது பதிவுக்குப் போனேன், பத்திரத்தில் தகப்பனின் இனம் என்று ஒரு கூடு, தாயின் இனம் என்று ஒரு கூடு. இரண்டையும் நிரப்பிவிட்டு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பின்னால் வரிசை கத்துகிறது. பள்ளிக்கூடம் என்று வந்தபோது தமிழ் மொழியா சிங்கள மொழியா, ஒன்றைத்தான் எடுக்கலாம். தமிழில் விட்டோம். அவள் அப்பப்பாவோடு சிங்களம், அம்மப்பாவோடு தமிழ். முறிகண்டி ஐயா, உங்கள் கவலைக்கு நான் கண்ட பதில் இதுதான்: மனுசன் எந்த இனம் என்பதைவிட, நான் தினமும் அவளோடு தமிழ் கதைக்கிறேனா என்பதுதான் காரியம்.

கடைசியாக ஒரு சட்ட விசயம். தங்கச்சி பெயரில் வன்னியில் காணி ஏதும் இருந்தால் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஒருவரைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளுக்கும் அது பொருந்தாது, 1911 சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இது காணி எழுதும்போதுதான் தெரிந்தது.

கண்டாவளையான்:

எல்லாருக்கும் நன்றி. நீராவிப்பிட்டி சொன்னது குத்தியது. உண்மையில் அவர் பெயரை நான் தங்கச்சியிடம் கேட்கவே இல்லை.

நேற்று முன்தினம் அவளுக்கு எடுத்தேன். சொன்னது பிழை என்றேன், விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அழுதாள், அப்புறம் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அவருடைய அம்மம்மாதான் முதலில் வந்தவராம். 1955 இல் கனடா ஒரு திட்டம் கொண்டுவந்தது, கலியாணம் கட்டாத, பிள்ளையில்லாத கரீபியன் பெண்கள் வீட்டுவேலைக்கு வந்து, ஒரு வருசம் வேலை செய்தால் நிரந்தரமாக இருக்கலாம். அதில் வந்து, ஒரு வீட்டின் அடித்தள அறையில் இருந்தபடி தங்கச்சிமாருக்குக் காசு அனுப்பினவர்.

அதைக் கேட்டதும் எனக்கு அம்மாதான் ஞாபகம். முகாமால் வந்த பிறகு, எங்களைப் படிப்பிக்க அம்மா இரண்டு வருசம் லெபனானுக்கு வீட்டுவேலைக்குப் போனவர். அங்கே பக்கத்து வீட்டில் ஒரு எத்தியோப்பியப் பிள்ளை. அம்மாவைச் சாப்பாடில்லாமல் பூட்டிவைத்த நாளில் பல்கனியால் ரொட்டி எறிந்தவள். அந்தக் கதை எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சொன்ன கதை, நான் அதை ஒருநாளும் இந்த விசயத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை.

இன்று காலை அம்மா பால் காய்ச்சும்போது சொன்னேன். முதலில் ஆளைப் பற்றி, பிறகு நிறத்தையும் சேர்த்தே. அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையின்ர ஆக்களோ?" என்று கேட்டார். இல்லை அம்மா, அது வேற நாடு, இது ஜமேக்கா என்றேன். சம்மதம் என்று சொல்லவில்லை. ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்று இரண்டு தரம் கேட்டார், பேசாமல் போய் மாட்டைக் கட்டினார். மத்தியானம் தானாக வந்து, "வீட்டுவேலைக்கு வந்தவ எண்டியே, அந்த மனுசி இப்ப இருக்கிறாவோ?" என்றார்.

இருக்கிறார், தொண்ணூறு வயதாகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வீடியோவில் எடுக்கிறாள்.