எழுபதுக்கு எந்த இசைத்தட்டு?

குழுவின் பெயர்: பீமரத சாந்தி – பரிசு (பெரியப்பா இந்தக் குழுவில் இல்லை)

குழு விதி: இங்கே தமிழ் எழுத்தில், முழு வாக்கியமாக மட்டுமே எழுத வேண்டும். மீறுகிறவர் குலதெய்வத்தின் உண்டியலுக்கு 10 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். இப்படிக்கு, நன்னிலம் சித்தப்பா.

காலை 9:12, சென்னைத் தம்பி: அனைவருக்கும் வணக்கம். பெரியப்பாவின் எழுபதாம் வயதுக் கல்யாணத்துக்கு ஸ்வீடன் நாட்டு அபா பாட்டுக் குழுவின் எல்.பி. இசைத்தட்டு ஒன்று வாங்கித் தருவதென்று போன ஞாயிற்றுக்கிழமை பேசினோம் அல்லவா? இங்கே ஒரு கடையில் ‘அரைவல்’ ஒன்றும் ‘தி விசிட்டர்ஸ்’ ஒன்றும் இருக்கின்றன. நாளைக் காலை 10 மணி வரை இரண்டையும் எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். சேர்ந்திருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

9:14, கும்பகோணம் அத்தை: இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ‘அரைவல்’தான்.

9:15, மன்னார்குடி அண்ணி: எனக்கு இரண்டுமே தெரியாது. திருக்கடையூர் வேனில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

9:31, நன்னிலம் சித்தப்பா: நிதானமாகப் பேசுவோம். பிடித்த தட்டு வேறு, சிறந்த தட்டு வேறு. ‘அரைவல்’ 1976இல் வந்தது. அதில் பத்துப் பாடல்கள். அவற்றுள் ‘டான்சிங் குயின்’, ‘நோயிங் மீ நோயிங் யூ’, ‘மணி மணி மணி’ ஆகிய மூன்றையும் உலகமே அறியும், மற்றவற்றை நம் அண்ணனைப் போன்றவர்கள்தாம் அறிவார்கள். ‘தி விசிட்டர்ஸ்’ 1981 நவம்பர் இறுதியில் வந்தது. அதில் ஒன்பது பாடல்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ‘டான்சிங் குயின்’ அளவுக்குப் பெயர்பெற்ற பாடல் அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் பாட்டில் ஊசியை வைத்துவிட்டுக் கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்காமல் கேட்க வைக்கிற தட்டு அவர்கள் போட்டவற்றுள் அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். ஆல்பம் என்பதை ஒரு முழுக் கச்சேரி போலப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு துக்கடா கைதட்டல் வாங்கிவிட்டது என்பதற்காக முழுக் கச்சேரியையும் உயர்ந்தது என்று சொல்ல முடியாது.

9:33, கும்பகோணம் அத்தை: ‘டான்சிங் குயின்’ துக்கடாவா, சின்னண்ணா? இதைப் பெரியண்ணன் கேட்டிருந்தால் உங்களுக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

9:34, பாப்பா: சின்னத் தாத்தா, ‘கோல்டு’ வாங்கிவிட்டால் சண்டையே வராது. எல்லா நல்ல பாட்டும் அதில் இருக்கிறது.

9:41, நன்னிலம் சித்தப்பா: கண்ணே, ‘கோல்டு’ 1992இல் வந்த தொகுப்பு. குழு பிரிந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகு, வெவ்வேறு ஆண்டுகளில் பாடிய 19 பாடல்களைப் பொறுக்கி ஒன்றாக வைத்தார்கள். அது கல்யாணப் பந்தியில் இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போவதைப் போன்றது. ‘தி விசிட்டர்ஸ்’ தட்டிலிருந்து அதில் ‘ஒன் ஆஃப் அஸ்’ என்ற ஒரே பாட்டைத்தான் சேர்த்தார்கள் என்பதிலிருந்தே அந்தத் தட்டு எவ்வளவு குறைவாக மதிக்கப்பட்டது என்பது தெரியும்.

9:42, கும்பகோணம் அத்தை: தொகுத்தவர்களுக்கும் என் கருத்துதான் இருந்திருக்கிறது.

9:50, சிங்கப்பூர் மாமா: எல்லோருக்கும் வணக்கம். உங்களுக்கு அபா காசெட்டு அனுப்பியவன் நான் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் எங்கள் அறையில் போனி எம் குழுவுக்குத்தான் மவுசு அதிகம். 1978இல் வந்த ‘நைட்ஃபிளைட் டு வீனஸ்’ தட்டுக்கு இணையே கிடையாது.

9:53, நன்னிலம் சித்தப்பா: மச்சான், மேடையில் ஆடிய பாபி ஃபேரலின் குரல் அந்தத் தட்டுகளில் இல்லை, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனே ஆண் குரலைப் பாடினார் என்பது ஊரறிந்த செய்தி. அபாவில் பாடியவர்களும் ஆடியவர்களும் அதே நால்வர்தாம். பேச்சை மாற்ற வேண்டாம்.

9:54, சிங்கப்பூர் மாமா: வாத்தியார் இன்னும் பிரம்பைக் கீழே வைக்கவில்லை.

10:05, கும்பகோணம் அத்தை: நான் ஒரே ஒரு காரணம் சொல்கிறேன். திருக்கடையூரில் நடக்கப்போவது கல்யாணம். எழுபதுக்குச் செய்தாலும் மாலை மாற்றித் தாலி கட்டுவதுதானே? ‘டான்சிங் குயின்’ ஸ்வீடன் அரசரின் கல்யாணத்துக்கு முதல்நாள் விழாவில், 1976 ஜூன் 18 அன்று, அவர்கள் நேரில் பாடிய பாட்டு. அப்போது தட்டுகூட வெளிவந்திருக்கவில்லை. நீங்கள் சொல்கிற தட்டு என்ன தட்டு? அந்தக் குழுவில் கணவன் மனைவியாக இருந்த இரண்டு ஜோடியும் அறுத்துக்கொண்டு போன பிறகு போட்ட தட்டு. அதைக் கொண்டுபோய் அண்ணி கழுத்தில் இரண்டாவது தடவை தாலி ஏறுகிற நாளில் கொடுப்பீர்களா?

10:06, மன்னார்குடி அண்ணி: இது சரியான கேள்வியாக இருக்கிறதே!

10:29, நன்னிலம் சித்தப்பா: தங்கச்சி, நீ சொன்ன செய்தி சரி, ஆனால் அதிலிருந்து நீ எடுத்த முடிவு சரியில்லை. ஒரு ஜோடியான அக்னெதாவும் பியோர்னும் ஏற்கெனவே பிரிந்திருந்தார்கள். பென்னியும் ஃப்ரிதாவும் 1981 பிப்ரவரியில் தங்கள் பிரிவை அறிவித்தார்கள். அதே ஆண்டு நால்வரும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் உட்கார்ந்து இந்தத் தட்டை முடித்தார்கள். தன்னுடைய மணவாழ்வு முடிந்ததைப் பற்றிய ‘வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்’ பாட்டை ஃப்ரிதாவே பாடுகிறார். சொல் எழுதியவர் பியோர்ன், பக்கத்தில் பியானோவில் இருப்பவர் விட்டுப் போன கணவர் பென்னி. பாட்டில் வசை ஒன்றும் இல்லை, அழுகையும் இல்லை, பாகப் பிரிவினைக்குப் பிறகும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்களின் நிதானம் இருக்கிறது. அந்த நிதானம் 1976இல் அவர்களிடம் இருந்திருக்க முடியாது. இன்னொன்று: தட்டின் முதல் பாட்டு காதலைப் பற்றியதே அல்ல, சோவியத் நாட்டில் அரசை எதிர்த்தவர்கள் வீட்டுக்குள் பயந்து ஒடுங்கிக் கதவு தட்டும் ஓசைக்குக் காத்திருப்பதைப் பற்றியது. ஒரு பாப் குழு தன் தட்டை அப்படித் தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். பிரிவுதான் அபசகுனம் என்றால் உன் ‘அரைவல்’ தட்டிலுள்ள ‘நோயிங் மீ நோயிங் யூ’வும் பிரிந்து போகிறவர்களின் பாட்டுதான். அதைப் பாடிய நாளில் யாரும் பிரிந்திருக்கவில்லை. பென்னியும் ஃப்ரிதாவும் அப்போது மணமே செய்துகொண்டிருக்கவில்லை, அவர்கள் கல்யாணம் 1978இல் நடந்தது.

10:30, கும்பகோணம் அத்தை: பாகப் பிரிவினையைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள்.

10:30, சிங்கப்பூர் மாமா: கொரடாச்சேரி வீட்டுக் கிணறு நினைவுக்கு வருகிறது.

10:31, மன்னார்குடி அண்ணி: அதை இந்தக் குழுவில் பேச வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

10:38, சென்னைத் தம்பி: ‘சூப்பர் ட்ரூப்பர்’ யாருக்கும் வேண்டாமா? 1980இல் வந்தது, ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ அதில்தான் இருக்கிறது. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

10:40, நன்னிலம் சித்தப்பா: அந்த ஒரு பாட்டு அவர்களுடைய எல்லாப் பாட்டுகளுக்கும் மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பக்கத்தில் இருக்கும் மற்ற பாடல்கள் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. ஒரு கோபுரத்துக்காக ஊரையே வாங்க முடியாது.

10:52, கும்பகோணம் அத்தை: ‘அரைவல்’ ஏன் உயர்ந்தது என்பதை நானும் விளக்கிச் சொல்கிறேன், எனக்கும் எழுதத் தெரியும். அக்னெதா குரலும் ஃப்ரிதா குரலும் சேர்ந்து வரும்போது ஒரு நிறைவு வருகிறதே, அது அந்தத் தட்டில் இருப்பதைப் போல வேறு எதிலும் இல்லை. ஒரே வரியை அவர்கள் திரும்பத் திரும்பப் பாடிப் பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நம் அப்பா அந்த காசெட்டைக் கேட்டுவிட்டு, “திருவீழிமிழலைச் சகோதரர்களின் இரட்டை நாயனம் மாதிரி இருக்கிறதே” என்றார். இரண்டு நாயனம் ஒரே ஸ்வரத்தில் நின்றாலும் மயிரிழை வேறுபாடு இருப்பதால்தான் அந்தக் கனம் வருகிறது என்று அவர்தான் சொன்னார். ‘தி விசிட்டர்ஸ்’ தட்டில் பெரும்பாலும் ஒருத்தி தனியாகப் பாடுகிறாள், இன்னொருத்தி எங்கேயோ நிற்கிறாள். அட்டைப் படத்திலும் அப்படித்தான், இருட்டு அறையில் நால்வரும் நான்கு மூலையில். ‘அரைவல்’ அட்டையில் ஒரே ஹெலிகாப்டருக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

11:03, நன்னிலம் சித்தப்பா: இது நல்ல வாதம். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

11:04, பாப்பா: 👏👏

11:04, நன்னிலம் சித்தப்பா: பத்து ரூபாய்.

11:06, கும்பகோணம் அத்தை: நான் இன்னும் முடிக்கவில்லை. ‘அரைவல்’ முதல் பக்கத்தின் கடைசியில் ‘ஃபெர்னாண்டோ’ வரும். அந்த ஒரு பாட்டுக்காகவே அதை வாங்கலாம்.

11:10, சென்னைத் தம்பி: அத்தை, கடைக்காரர் அனுப்பிய படத்தில் பின்னட்டையைப் பார்த்தேன். ‘ஃபெர்னாண்டோ’ இதில் இல்லையே!

11:11, கும்பகோணம் அத்தை: அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கச் சொல். நாற்பத்தைந்து வருடமாக நான் கேட்ட பாட்டு எப்படி இல்லாமல் போகும்?

11:19, நன்னிலம் சித்தப்பா: ‘ஃபெர்னாண்டோ’ 1976 மார்ச்சில் தனித்தட்டாக வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்ற ‘அரைவல்’ தட்டில் மட்டும் அதைச் சேர்த்தார்கள். மற்ற ஊர்களில் இல்லை. ஆஸ்திரேலியத் தட்டு நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது எனக்கும் புதிராக இருக்கிறது.

11:26, சிங்கப்பூர் மாமா: புதிர் ஒன்றும் இல்லை, அது என் வேலை. அறை நண்பனின் தட்டிலிருந்து காசெட்டில் பதிவுசெய்தேன். தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம்கூட வராது, காசெட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். நாடா வீணாகிறதே என்று முதல் பக்கத்தின் கடைசியில் ‘ஃபெர்னாண்டோ’வைப் போட்டு அனுப்பினேன். அக்காள் புருஷன் ஒரு கடிதத்திலும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

11:27, மன்னார்குடி அண்ணி: அப்படியானால் இத்தனை நாளும் நீங்கள் எல்லோரும் மாமா போட்ட தட்டுக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

11:29, நன்னிலம் சித்தப்பா: இதிலிருந்து தெரிவது என்னவென்றால், தங்கச்சியின் தீர்ப்புக்கு அடிப்படையே தவறு.

11:33, கும்பகோணம் அத்தை: அடிப்படையைப் பற்றிப் பேசலாமா, சின்னண்ணா? ‘தி விசிட்டர்ஸ்’ காசெட்டின் இரண்டாம் பக்கத்தை இந்த வீட்டில் யாராவது கேட்டிருக்கிறார்களா? வந்த மறு மாதமே திருச்சி வானொலியில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி போட்டார்கள் என்று அதன்மேல் பதிவுசெய்தது யார்?

11:34, சிங்கப்பூர் மாமா: இந்தச் செய்தி எனக்கு இன்றுதான் தெரிகிறது.

11:48, நன்னிலம் சித்தப்பா: அந்தத் தோடி மறுபடி கிடைக்காது என்று அப்போது நினைத்தேன். வெறும் நாடா வாங்க அன்றைக்குக் கையில் காசு இல்லை. ‘ஐ லெட் த மியூசிக் ஸ்பீக்’ முதல் கடைசிப் பாட்டு வரை ஐந்தும் அழிந்தன என்பது உண்மை. பணி ஓய்வுக்குப் பிறகு முழுத் தட்டையும் கைப்பேசியில் கேட்டேன். அழித்த பாதியில்தான் ‘ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்’ இருந்தது என்று அன்று தெரிந்தது. சின்ன மகள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறாள், தாய் கையசைத்துவிட்டு நிற்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. அக்னெதா தன் மகளை நினைத்துப் பாடியது. எழுதிய பியோர்ன் அந்தப் பெண்ணின் தகப்பன். இந்தத் தட்டுக்காக நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11:50, பாப்பா: அத்தைப் பாட்டி, அந்தப் பாட்டின் இணைப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து ஒரு தடவை கேளுங்கள்.

பிற்பகல் 12:24, கும்பகோணம் அத்தை: கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். பாட்டு நன்றாக இருக்கிறது. அதற்காக காசெட்டை அழித்ததை மன்னித்துவிட்டேன் என்று பொருள் இல்லை.

12:25, நன்னிலம் சித்தப்பா: அப்படியானால் ‘தி விசிட்டர்ஸ்’ என்று முடிவு செய்யலாமா?

12:25, கும்பகோணம் அத்தை: நான் அப்படிச் சொல்லவில்லை. தாலி கட்டுகிற நாளில் அந்த அட்டையை நான் கையால் தொட மாட்டேன்.

1:10, பெரியம்மா: இப்போதுதான் சமையல் முடித்துவிட்டு எல்லாவற்றையும் படித்தேன். எனக்குப் பெயரெல்லாம் தெரியாது. அவர் காலையில் சவரம் செய்யும்போது எப்போதும் ஒரே பாட்டைத்தான் முனகுவார். ஆரம்பத்தில் புல்லாங்குழல் மாதிரி வரும், பிறகு தூரத்தில் பறையடிப்பது மாதிரி வரும். இரண்டு கிழவர்கள் பழைய சண்டையைப் பற்றிப் பேசிக்கொள்கிற பாட்டு என்று ஒரு தடவை எனக்குச் சொன்னார்.

1:11, பாப்பா: பாட்டி, அது ‘ஃபெர்னாண்டோ’!

1:12, சிங்கப்பூர் மாமா: வாத்தியாரே, நான் நாடாவை வீணாக்காமல் செய்த வேலைதான் அது.

1:13, சென்னைத் தம்பி: கடையில் இருக்கும் இரண்டு தட்டிலும் அந்தப் பாட்டு இல்லை. ‘கோல்டு’ தட்டில் இருக்கிறது.

1:15, நன்னிலம் சித்தப்பா: தொகுப்பை வாங்குவதற்கு நான் சம்மதிக்க முடியாது. ஆஸ்திரேலிய ‘அரைவல்’ பழைய தட்டாக எங்காவது கிடைக்கிறதா என்று விசாரி. கிடைக்காவிட்டால் ‘தி விசிட்டர்ஸ்’ வாங்கு.

1:16, கும்பகோணம் அத்தை: கிடைக்காவிட்டால் சாதாரண ‘அரைவல்’ வாங்கு, தம்பி. என் பங்கு 500 ரூபாயை நான்தான் முதலில் அனுப்பினேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

1:22, பெரியம்மா: எதை வாங்கினாலும் வாங்குங்கள். பரணிலிருக்கும் ரெக்கார்டு பிளேயரில் ஊசி உடைந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதை யாராவது கவனித்தீர்களா?

1:40, சென்னைத் தம்பி: கடைக்காரரிடம் ஊசியைப் பற்றியும் கேட்கிறேன். பிளேயரின் மாடல் எண்ணைப் பெரியப்பாவுக்குத் தெரியாமல் யாராவது படம் எடுத்து அனுப்புங்கள்.

1:41, மன்னார்குடி அண்ணி: நான் மாலையில் அங்கே போகிறேன், எடுத்து அனுப்புகிறேன். வேனில் எத்தனை பேர் என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.