பாய்க்கப்பல் கயிறுகள் படத்தில் ஒட்டடை மாதிரி வருகின்றன, எங்கே தப்பு செய்கிறேன்?

கரையோரம்:

வணக்கம் நண்பர்களே. பழைய பாய்க்கப்பல்களைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஹாம்பர்க் போயிருந்தபோது அங்கே ஆற்றில் மிதக்கிற ரிக்மர் ரிக்மர்ஸ் கப்பலை (1896-இல் கட்டியது, மூன்று பாய்மரம், பச்சை உடல்) இரண்டு நாள் சுற்றிச் சுற்றி எடுத்தேன். நானூறு படத்துக்கு மேல் இருக்கும், நாலுகூடத் தேறவில்லை. நேரில் நிமிர்ந்து பார்க்கும்போது ஒவ்வொரு கயிறும் ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் போய்ச் சேருவது தெரிகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் மூலையில் கட்டிய ஒட்டடை.

கேமரா ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார், 24 மெகாபிக்சல், கூடவே வந்த 18-55 லென்ஸ். எல்லாமே கூர்மையாக இருக்கட்டும் என்று லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி எஃப்/16 வைத்து 18 மி.மீ.யில் முழுக் கப்பலையும் எடுத்தேன். இணையத்தில் போடுவதற்காகச் சிறிதாக்கினால் கயிறுகள் புள்ளி புள்ளியாக அறுந்துபோகின்றன. வானம் சரியாக வந்தால் கப்பல் கரிக்கட்டை, கப்பல் சரியாக வந்தால் வானம் வெளுத்துக் கயிற்றோரமெல்லாம் ஊதா நிறம். வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்து எச்டிஆர் என்று ஒரே படமாகச் சேர்த்தால் ஒரு கயிறு மூன்றாகிவிடுகிறது. இரவில் ட்ரைபாடைக் கரையில் ஊன்றி 10 விநாடி வைத்தேன், கப்பலின் உடம்பு பரவாயில்லை, பாய்மர உச்சி மட்டும் கலங்கல். ட்ரைபாட் மட்டமானதா? நல்ல லென்ஸ் வாங்கினால் தீருமா?

எஃப்எட்டு:

லென்ஸ் வாங்கக் கிளம்பாதீர்கள், முதலில் அந்த எஃப்/16-ஐ விடுங்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 செ.மீ. தடிமனான கயிறு, 40 மீட்டர் தூரம், 18 மி.மீ. லென்ஸ் என்றால் சென்சாரில் அந்தக் கயிற்றின் அகலம் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்கள் சென்சாரில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 4 மைக்ரான். ஆக மொத்தம் இரண்டு பிக்சல் சொச்சம், அவ்வளவுதான் உங்கள் கயிறு. 6000 பிக்சல் அகலப் படத்தை 1500-க்குச் சுருக்கினீர்கள் என்றால் அது அரைப் பிக்சல் ஆகிறது. அரைப் பிக்சல் கயிறு அங்கங்கே அறுந்துதான் தெரியும், அதற்கு எந்த மென்பொருளும் பொறுப்பில்லை. போதாததற்கு எஃப்/16. துளை சிறுக்கச் சிறுக்க ஒளி விளிம்பில் பட்டுப் பரவும். எஃப்/16-இல் ஒரே ஒரு ஒளிப்புள்ளி 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவிவிடுகிறது, 9 மைக்ரான் கயிறு அதில் கரையாமல் என்ன செய்யும்? எஃப்/5.6-இல் அதே பரவல் ஏழெட்டு மைக்ரான்தான்.

எல்லாம் கூர்மையாக வேண்டும் என்ற பயமும் வேண்டாத பயம். 18 மி.மீ., எஃப்/8 வைத்து இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தாலே ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓரளவு தெளிவாக இருக்கும். கப்பல் நிற்பது முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, அதனால் பாய்மரத்தின் மேலேயே ஃபோகஸை வைத்துவிட்டு எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் நடுவில் இருந்துகொள்ளுங்கள். ஃபோகஸைக் கையால் வையுங்கள். தானியங்கி ஃபோகஸ் கயிறுகளுக்கு இடையில் புகுந்து பின்னாலிருக்கும் கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளும், திரையில் சின்னதாகப் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது.

அப்புறம் அதே இடத்தில் நின்று 55 மி.மீ.க்குப் போங்கள். அந்தக் கயிறு 27 மைக்ரான் ஆகிவிடும், ஏழு பிக்சல். முழுக் கப்பல் கிடைக்காது, கிடைக்க வேண்டாம்.

ஊதா நிறத்துக்கு வருகிறேன். மெல்லிய கருப்புக் கோடு, பின்னால் வெளுத்துப்போன வானம், லென்ஸின் நிறப்பிழை வெளியே தெரிய இதைவிடத் தோதான இடம் கிடையாது. வானம் முழு வெள்ளையாகும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டால் முக்கால்வாசி ஊதா அப்போதே போய்விடும், மிச்சத்தை ரா கோப்பில் (கேமரா எதையும் திருத்தாமல் தரும் கோப்பு) ஒரு சொடுக்கில் எடுத்துவிடலாம். மேகம் மூடிய நாளில் கேமராவின் அளவீடு வானத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்து, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை முட்டுகிறதா என்று பாருங்கள், முட்டினால் குறையுங்கள். கூர்மைப்படுத்தும் அளவையும் குறையுங்கள். கயிற்றுக்கு இரு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டதுபோல் வருவது அதனால்தான்.

எச்டிஆர் பற்றிக் கப்பல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும். மிதக்கிற பொருளை மூன்று தடவை எடுத்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை.

தார்க்கை:

தம்பி, நான் படக்காரன் இல்லை. ஒரு பயிற்சிப் பாய்க்கப்பலில் சில வருடம் கயிறு இழுத்தவன். மேலே அவர் சொன்ன மைக்ரான் கணக்கெல்லாம் எனக்குப் பிடிபடாது, ஆனால் உன் இரவுப் படத்தில் உச்சி ஏன் கலங்கியது என்று சொல்ல முடியும். ட்ரைபாட் மேல் பழி போடாதே. கட்டி நிறுத்தியிருந்தாலும் கப்பல் சும்மா நிற்காது, பக்கத்தில் ஒரு படகு போனால் அதன் அலைக்கே அசையும். தண்ணீர் மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயர உச்சி என்று வைத்துக்கொள், கப்பல் ஒரு டிகிரி சாய்ந்தாலே உச்சி 70 செ.மீ. நகர்ந்துவிடும். கீழே உடம்பில் அது தெரியாது. உன் எச்டிஆரில் கயிறு மூன்றானதும் இதனால்தான். பகலில் 1/250 விநாடி வேகத்துக்குக் குறையாமல் ஒரே படமாக எடு. இரவுதான் வேண்டும் என்றால் அனுமதி கேட்டு மேல்தளத்தில் ஏறி அங்கே ட்ரைபாடை வை, கப்பலும் கேமராவும் சேர்ந்தே ஆடும், பாய்மரம் கல் மாதிரி நிற்கும், பின்னாலிருக்கும் ஊர் விளக்குகள்தான் நெளியும். எனக்கு அப்படி எடுத்த படங்கள்தான் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆடவே கூடாது என்றால் தண்ணீர் இல்லாத உலர்துறையில் நிற்கிற கப்பலாகப் பார். லண்டன் கிரீனிச்சில் 'கட்டி சார்க்' என்ற பழைய கப்பல் 1954-லிருந்து அப்படித்தான் நிற்கிறது, எத்தனை விநாடி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, எங்கே போவதானாலும் பாய்மரங்கள் மேலே இருக்கின்றனவா என்று முதலில் விசாரித்துக்கொள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் 'விக்டரி' என்ற பழைய போர்க்கப்பலின் மேல்மரங்களைப் பழுதுபார்க்க 2011-இல் இறக்கினார்கள். பழைய கப்பல் என்றால் இதெல்லாம் சகஜம்.

இப்போது ஒட்டடை விஷயம். உனக்கு ஒட்டடையாகத் தெரிவதற்குக் காரணம் எந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் எடுப்பதுதான் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே இருப்பது இரண்டே ஜாதி. ஒன்று, பாய்மரம் விழாமல் தாங்கும் கயிறு. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டியிருக்கும், அசையாது, தார் பூசிக் கருப்பாக இருக்கும். பிற்காலத்துக் கப்பல்களில் அது எஃகு வடம், சணலைவிட மெல்லியது. இன்னொன்று ஓடும் கயிறு. பருமலை (பாய் தொங்கும் குறுக்குமரம்) ஏற்றி இறக்க, திருப்ப, பாயைச் சுருக்க. கப்பியில் ஓட வேண்டும் என்பதால் இதற்குத் தார் கிடையாது, வைக்கோல் நிறத்தில் இருக்கும். கருப்பு தாங்கும், வெளுப்பு ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார், பாதிச் சிக்கல் அப்போதே அவிழ்ந்துவிடும்.

படம் எடுக்குமுன் ஒன்று செய். மேல்தளத்து ஓரத்தில் கயிறு சுற்றும் முளைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு முளையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றின் பின்னாலேயே கண்ணை அனுப்பு. முளையிலிருந்து நேராக மேலே போகும், ஒரு கப்பியில் திரும்பும், பருமலின் அடியோடு ஓடும், நுனியில் இன்னொரு கப்பி, அங்கிருந்து பாயின் மூலைக்குப் போய்ச் சேரும். அந்த ஒரு பயணத்தை ஒரு படத்தில் கொண்டுவா. மற்றக் கயிறெல்லாம் கூட வந்தாலும் பார்ப்பவன் கண் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகும்.

கீழேயும் பார். பழைய சணல் கயிற்றுக் கப்பல்களில் பக்கவாட்டுக் கயிறுகள் வந்து முடிகிற இடத்தில் உருண்டையான கட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று துளை. மேல்கட்டைக்கும் கீழ்க்கட்டைக்கும் இடையில் ஒரு சிறு கயிறு அந்த ஆறு துளை வழியாகப் போய்வந்து இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக அசல் முகம் மாதிரியே இருக்கும், வெயிலில் நின்றால் துளையோரத்தில் தார் கசிந்து மினுங்கும், கயிறு அழுத்திய இடம் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்திருக்கும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் விசை அங்கேதான் வந்து நிற்கிறது. ஒருவரும் குனிந்து அதை எடுப்பதில்லை, எல்லாரும் அண்ணாந்தே நிற்கிறார்கள். ஆனால் எடுக்கும்போது முளையில் சுற்றிய கயிற்றைத் தொட்டு அழகாக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. நான் பார்த்திருக்கிறேன், அவிழ்த்தவனுக்குக் கிடைத்த வசவையும் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று மறந்துவிட்டேன். மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கிச் செங்குத்தாக்குகிறீர்களே, அதைக் கப்பலில் செய்யாதீர்கள். பல கப்பல்களில் பாய்மரங்கள் கட்டும்போதே பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துத்தான் நிறுத்துவார்கள், மூன்றும் ஒரே அளவு சாய்வாகவும் இருக்காது. நேராக்கினால் தெரிந்தவன் கண்ணுக்குக் கப்பலின் முதுகு ஒடிந்த மாதிரி இருக்கும். கரையில் இருக்கும் கட்டடத்தையோ நீர்மட்டத்தையோ பார்த்து நிமிர்த்து. அதேபோலப் பருமல்கள் துறைமுகத்தில் மட்டமாக, ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். கோணலாக ஏறி இறங்கியிருந்தால் லென்ஸைத் திட்டாதே, துக்கம் காட்டுவதற்கு அப்படிச் சாய்த்து வைக்கும் வழக்கம் உண்டு.

வெள்ளியுப்பு:

ஃபிலிம் ஆள் என்பதால் ஒரு எச்சரிக்கை. கருப்பு வெள்ளையில் எடுத்தால் வானம் நாடகம் மாதிரி இருக்கும் என்று சிவப்பு ஃபில்டர் போடச் சொல்வார்கள். நீலவானம் இருண்டுவிடும், உண்மைதான், தார் பூசிய கயிறும் அந்த இருட்டிலேயே போய் மறைந்துவிடும். நான் ஒரு ரோல் முழுக்க அப்படி இழந்திருக்கிறேன், பாய்மரங்கள் எதன் துணையும் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. தார்க்கை ஐயா சொன்ன இரண்டு ஜாதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கருப்புக் கயிறு வேண்டுமா, வெளிறிய வானத்தின் முன் எடுங்கள், மேகமூட்டம்தான் நல்ல நாள். வெளுத்த கயிறு வேண்டுமா, காலையிலோ மாலையிலோ வெயிலைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நீலவானத்தின் முன் எடுங்கள், அப்போது ஃபில்டர் போடலாம். கயிற்றின் முறுக்கு தெரிவதும் பக்கவாட்டு வெயிலில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் கயிறுகள் எப்படி மை போட்டு வரைந்த மாதிரி நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தக் கால ஈரத்தகடு (ஃபிலிமுக்கு முன்பிருந்த கண்ணாடித் தகடு) நீலத்துக்கு மட்டும் அளவுக்கு மீறி வேலை செய்யும், வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பிரெஞ்சுப் படக்காரர் குஸ்தாவ் லெ க்ரே 1850-களில் கடல் படங்கள் எடுத்தபோது சிலவற்றில் வானத்தை வேறொரு நெகடிவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது அதனால்தான். அவருக்குத் தொல்லையாக இருந்த அந்த வெள்ளை வானம் கயிறு எடுப்பவனுக்கு வரம். கரையோரம், உங்கள் 'வானம் வெளுத்துவிட்டது' படங்களை அழித்துவிட்டீர்களா?

கரையோரம்:

அழிக்கவில்லை! எல்லாருக்கும் நன்றி. தார்க்கை ஐயா, கோபமெல்லாம் இல்லை, உள்ளதைத்தானே சொன்னீர்கள். முளையிலிருந்து ஒரு கயிற்றைப் பின்தொடர்வதை என் பழைய படங்களிலேயே செய்து பார்த்தேன், நாற்பது படத்தில் ஒன்றே ஒன்றில்தான் கயிற்றின் இரண்டு முனையும் இருக்கிறது, மற்றதெல்லாம் நடுவிலேயே வெட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு துணைக் கேள்வி. என் மனைவி பக்கத்தில் நின்று செல்ஃபோனில் எடுத்த படங்களில் சில கயிறுகள் காணவே காணோம், எஃப்/16 எல்லாம் அதில் கிடையாதே?

எஃப்எட்டு:

செல்ஃபோன் ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்துத் தானே சேர்த்துக்கொள்கிறது, நீங்கள் எச்டிஆரில் செய்த அதே வேலைதான். மெல்லிய கோட்டை மணல்மணலான வேண்டாத புள்ளிகள் என்று நினைத்துத் துடைத்தும்விடும். எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணையுங்கள், ரா வசதி இருந்தால் அதில் எடுங்கள், அகலக்கோண லென்ஸை விட்டுவிட்டு தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸுக்குப் போங்கள். பாய்மரத்தடியில் நின்று நேர்மேலே பார்த்து எடுக்கும் ஒரு படத்துக்கு மட்டும் அகலக்கோணம் நன்றாக இருக்கும், ஏணி மாதிரிப் பின்னிய பக்கவாட்டுக் கயிறுகள் நாலா பக்கமிருந்தும் உச்சியில் போய்க் கூடும். அது எல்லாரும் எடுப்பதுதான், ஆனாலும் நான் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தார்க்கை:

மழை விட்ட மறுநாள் காலையில் போ. நனைந்த பாயைக் காய வைக்க அவிழ்த்துத் தொங்கவிடும் பழக்கம் இன்னும் சில கப்பல்களில் உண்டு. காற்று இல்லாமல் பாய் சும்மா தொங்கும், உன் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் விழுந்தால் முன்னால் ஓடும் ஒவ்வொரு கயிற்றின் நிழலும் துணியில் தெரியும். கரையில் நிற்கும்போது கப்பலைக் கட்டியிருக்கும் வடத்துக்கு நேராக மட்டும் நிற்காதே. இறுகிய வடம் அறுந்தால் திரும்பி வருகிற வேகத்தில் கேமரா மிஞ்சாது, நீயும் மிஞ்ச மாட்டாய்.

கரையோரம்:

சரி ஐயா, தள்ளியே நிற்கிறேன். அந்த ஒரு படத்தை வெட்டி, வானத்தை வெளுப்பாகவே விட்டு, கருப்பு வெள்ளையாக்கி இணைத்திருக்கிறேன். பருமல் நுனியில் இரண்டு கப்பி பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறதே, பாயின் மூலைக்குப் போவது இடதுபக்கக் கப்பியிலிருந்தா?

தார்க்கை:

வலது. இடதில் போவது பருமலைத் திருப்புகிற கயிறு, பின்பாய்மரத்துக்குப் போகிறது பார்.