பாட்டி வீட்டுப் புகைபோக்கி

அத்தை: நேற்று ராத்திரிக் காற்றில் புகைபோக்கி மூடி கழன்று விழுந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா: ஐயோ. மூடி உடைந்துவிட்டதா?

அத்தை: ஓரம் நெளிந்திருக்கிறது, அவ்வளவுதான். அடியில் பழைய சாந்து வட்டமாக ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திருப்பினால் ஒரே கரி.

பெரியப்பா: அதுதான் காரணம். கரியைச் சுரண்டாமல் மேலேயே பூசியிருக்கிறது. சாந்து கரியைப் பிடித்ததே தவிர செங்கலைப் பிடிக்கவில்லை.

சித்தப்பா: பூசியது நான்தான் அண்ணா.

அக்கா: அன்றைக்கு மழை தூறியது பெரியப்பா. சித்தப்பா ஒருத்தர்தான் மேலே ஏறினார்.

பெரியப்பா: குறை சொல்லவில்லை. இந்தத் தடவை நின்று செய்வோம். பழைய சாந்தை உளி வைத்து முழுக்கத் தட்டி எடுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுச் செங்கலை நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் உதிரும். பழைய செங்கல், அதனால் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. சிமென்ட் மட்டும் போட்டால் விறைத்து, சூட்டில் வெடிப்பு விடும்.

தம்பி: சரி பெரியப்பா.

பெரியப்பா: இரு, முடிக்கவில்லை. சாந்தை வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிட வேண்டும், மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது. புகை போகிற சந்தில் சாந்து போய் அடைக்கவே கூடாது. அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு வீட்டுக்குள் தங்கும். அதற்கு வாசனையே கிடையாது. அம்மா தூங்குவது அந்த அறையில்.

அக்கா: உள்ளே குருவிக் கூடு இருந்ததே, இப்போதும் இருக்கிறதா?

அத்தை: குஞ்சு ஒன்று அடுப்புக்குள் விழுந்து, தம்பி நாள் முழுக்க அழுதானே!

தம்பி: அத்தை, எனக்கு அப்போது ஐந்து வயது. ஏணி யாரிடம்?

அத்தை: பெரிய அண்ணன் வீட்டில். வாங்கிப் போய் இரண்டு வருஷம்.

பெரியப்பா: கொண்டு வருகிறேன்.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை நானே ஏறுகிறேன்.

பெரியப்பா: தனியாக ஏறாதே. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அத்தை: இன்றைக்கு அடுப்பு மூட்டலாமா என்று அம்மா கேட்கிறார்.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம். சாந்துக் கட்டி உள்ளே விழுந்து அடைத்திருக்கலாம். பூசிய பிறகும் ஈரச் சாக்கு போட்டுச் சில நாள் விட வேண்டும். முதலில் சின்ன நெருப்பாக மூட்டட்டும்.

தம்பி: ஞாயிறு மழை வரும் என்கிறார்கள்.

சித்தப்பா: அப்போ சனி?

அக்கா: சனி எனக்கு வேலை. யார் பாட்டியோடு இருப்பது?

அத்தை: நான் இருக்கிறேன். கிழமையை மட்டும் சொல்லுங்கள்.

சித்தப்பா: உளி என்னிடம் இருக்கிறது.