வண்ணத்துப்பூச்சிக் கூடு 16 நாளாக அசையவில்லை, செத்துவிட்டதா?

தேசிமரம் (பண்டாரவளை):
லயத்துக்குப் பின்னால் நிற்கும் தேசி (எலுமிச்சை) மரத்திலிருந்து மகள் ஒரு புழு கொண்டுவந்தாள். முதலில் குருவி எச்சம் மாதிரி இருந்தது, அப்புறம் பச்சையானது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவர்க்கொம்பு நீட்டும், நாற்றம் வேறு. போத்தலில் குச்சி வைத்து வளர்த்தோம். இடுப்பை நூலால் கட்டிக்கொண்டு கூடாகி இன்றைக்கு 16 நாள். நான் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் மகள் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, வெளியே வந்தா என்னை ஞாபகம் வச்சிருக்குமா?" என்ன சொல்வது?

பழைய கள உத்தியோகத்தர் (தலவாக்கலை):
தங்கச்சி, வீசிவிடாதீங்க. கீழே சூடான ஊர்களில் எட்டுப் பத்து நாளில் வந்துவிடும், நம்ம குளிரில் இழுக்கும். ஈர்க்கால் லேசாகத் தொடுங்க; உயிரிருந்தால் வயிற்றை வெடுக்கென்று ஆட்டும். கூட்டில் ஊசித்துளை இருந்தால் அது குளவி வேலை. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த குளவியும் இப்படித்தான், புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும்.

உள்ளே எல்லாம் கஞ்சியாகிவிடும் என்பார்கள். அது பாதிதான் சரி. இலை தின்ற குடலும் ஊர்ந்த தசையும் பெரும்பாலும் கரையும். ஆனால் சிறகுக்கான செல் கூட்டம் புழுவுக்குள்ளேயே காத்திருக்கும். புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் உடம்பில் வற்றிய பிறகுதான் அது சிறகாக உருவெடுக்கும்.

மலைக்குருவி (ஹட்டன்):
மகளின் கேள்வியை நான் வகுப்பில் கேட்கப்போகிறேன் அக்கா! 2008இல் அமெரிக்காவில், ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே சின்ன மின்அதிர்ச்சியும் கொடுத்தார்கள். அந்துப்பூச்சியான பிறகும் பல அந்த வாசனையை விட்டு விலகின. கடைசிப் புழுப் பருவத்தில், அதாவது கடைசியாகத் தோலுரித்த பிறகு, பழகியவைதான். அதற்கு முன்பே, மூன்றாம் பருவத்தில் பழகியவை மறந்துவிட்டன. மூளை முழுக்கக் கலைவதில்லை என்பது அதில் தெரிகிறது. முகத்தை நினைவு வைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க.

தேசிமரம்:
தொட்டதும் ஆட்டியது அண்ணே! இன்று விடிய கூடு கண்ணாடி மாதிரியாகி, உள்ளே கறுப்பும் மஞ்சளும் தெரிகிறது.

பழைய கள உத்தியோகத்தர்:
மூடியைத் திறந்து குச்சியை வெளியே நட்டுவையுங்க. சிறகு தொங்கி விரிய இடம் வேண்டும். கைவைக்கவே கூடாது.

தேசிமரம்:
வந்துவிட்டது. சிறகு கசங்கிய துணி மாதிரி இருந்தது, அரை மணி நேரத்தில் விரிந்தது. பிறகு மகளே குச்சியோடு தேசி மரத்தடிக்குக் கொண்டுபோனாள். வெயில் ஏறியதும் பறந்தது. அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள்.