ரிப்போர்ட்டட் ஸ்பீச்: டியூஷனில் நான் பார்த்தது

நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள்தான் அதிகம். நேர்க்கூற்று, அயற்கூற்று என்று தமிழில் படித்திருப்பார்கள், மலாயில் சக்காப் அஜுக், சக்காப் பிண்டா என்றும் படித்திருப்பார்கள், ஆனால் ஆங்கிலத்தில் அதே பாடம் ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்று வந்தால் பயந்துவிடுகிறார்கள். நவ் என்றால் தென், டுடே என்றால் தட் டே என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

ஒருநாள் படிவம் இரண்டு பையன் ஒருவனுக்கு அவன் அம்மா ஃபோன் செய்தார். பேசிவிட்டு என்னிடம், "டீச்சர், அம்மாவுக்கு லேட்டாகுமாம், நான் இங்கேயே இருக்கணுமாம்" என்றான். அம்மா சொன்னது, "எனக்கு லேட்டாகும், நீ அங்கேயே இரு." எனக்கு என்பது அம்மாவுக்கு ஆனது, நீ நான் ஆனது, அங்கே இங்கே ஆனது, யாரும் சொல்லித்தராமலே! உடனே இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டினேன். ஐ, யூ, ஹியர், தேர் எல்லாம் அன்றே புரிந்துவிட்டது.

அப்புறம் காலம். இது உண்மையிலேயே புதுசு. "பசிக்கிறது என்று சொன்னாள்" என்றால் தமிழில் பசிக்கிறது அப்படியே நிற்கும், மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் செட் என்று ஆரம்பித்தால் இஸ் வாஸ் ஆகும், வில் வுட் ஆகும். செஸ் என்று ஆரம்பித்தால் காலம் மாறாது. சூரியன் கிழக்கே உதிக்கிறது போன்ற பொது உண்மையை செட் போட்டாலும் மாற்ற வேண்டியதில்லை.

அதிகம் சறுக்குவது கேள்வியில்தான். "வேர் ஆர் யூ கோயிங்?" என்பதை "ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்" என்று எழுதுவார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும்கூட. "வேர் ஐ வாஸ் கோயிங்" என்று வர வேண்டும், ஏனென்றால் அது இப்போது கேள்வி இல்லை, கேள்வியைப் பற்றிய செய்தி. கேள்விக்குறியும் போய்விடும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் நடுவில் இஃப் சேர்க்க வேண்டும்.

டுமாரோ பற்றி ஒரு வார்த்தை. இன்று கேட்டதை இன்றே சொன்னால் டுமாரோவை மாற்ற வேண்டியதில்லை, நாளை இன்னும் வரவில்லையே! பயிற்சிப் புத்தகத்தில் எப்போது சொல்கிறோம் என்ற விவரம் இருக்காது, அதனால் அங்கே த நெக்ஸ்ட் டே என்றே எழுதச் சொல்கிறேன்.