கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் லைசின், மெத்தியோனின் தூள் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

கேள்வி: வடகரப்பதி வளர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையை அடுத்த வடகரப்பதிப் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்த்து வருகிறோம். தீவனத்தை வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறோம். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 55 கிலோ, கடலைப் புண்ணாக்கு 28 கிலோ, அரிசித் தவிடு 15 கிலோ, கறியுப்பும் தாது உப்புக் கலவையும் சேர்ந்து 2 கிலோ என்பது எங்கள் கணக்கு. குஞ்சு இறங்கிய நாள் முதல் விற்பனை வரை இதையே கொடுக்கிறோம்.

இப்போதுள்ள குஞ்சுகள் மூன்று வாரம் கடந்தவை. தீனி நன்றாக எடுக்கின்றன; ஆனால் வளர்ச்சி ஒரே சீராக இல்லை. முதுகில் இறகுக் குருத்துகள் உறை பிரியாமல் குச்சி குச்சியாக நிற்கின்றன. வாலடியில் இரத்தம் கசியும் அளவுக்கு ஒன்றையொன்று கொத்திக்கொள்கின்றன. பொள்ளாச்சியில் தீவன மருந்துக் கடைக்காரர், "கோழிக்கு முதலில் குறைவது மெத்தியோனின் என்ற புரதக் கூறுதான், அதை மட்டும் போட்டால் போதும்" என்கிறார். அது சரிதானா, எவ்வளவு போட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில் 1: உடுமலை தீவன ஆலைப் பணியாளர்

வணக்கம் அம்மா. கடைக்காரர் சொன்னது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்துக்குப் பொருந்தும். கறிக்கோழித் தீவனம் பெரும்பாலும் அப்படித்தான் தயாராகிறது என்பதால் அந்தப் பேச்சு எங்கும் பரவிவிட்டது. உங்கள் கலவையில் புரதம் கடலைப் புண்ணாக்கிலிருந்து வருகிறது. கடலையில் முதலில் குறைவது லைசின் என்ற மற்றொரு புரதக் கூறு (அமினோ அமிலம்). அதை விட்டுவிட்டு மெத்தியோனினை மட்டும் கொட்டினால் குஞ்சு வளராது. அளவு மீறிய மெத்தியோனின் தீனி எடுப்பதையே குறைத்துவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் லைசின் ஏறத்தாழ 0.25 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 1.4, தவிட்டில் 0.6. உங்கள் 100 கிலோவில் இவை முறையே 138, 392, 90 கிராம் தருகின்றன. மொத்தம் 620 கிராம், அதாவது 0.62 சதவீதம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட அட்டவணை, முட்டையினமான லெகார்ன் குஞ்சுகளுக்கு முதல் ஆறு வாரத்தில் புரதம் 18 சதவீதமும் லைசின் 0.85 சதவீதமும் கேட்கிறது. நாட்டுக்குஞ்சுக்கு அந்த அளவை வைத்துக்கொண்டால் பெரும் பிழை வராது. உங்கள் தீவனத்தில் புரதம் 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனாலும் லைசின் 230 கிராம் குறைகிறது. புரதம் சரியாக இருக்கிறதே என்று பலர் ஏமாறும் இடம் இதுதான்.

இந்த 230 கிராமையும் தூளாலேயே நிரப்புவதாக இருந்தால், கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 78 சதவீதம்தான் என்பதால், ஏறத்தாழ 295 கிராம் போட வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏனென்றால் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் உங்கள் கலவையில் குறைவு. அதற்கு மற்றொரு தூள் வாங்க நேரும். அதற்குப் பதிலாகக் கடலைப் புண்ணாக்கில் பாதியை, 14 கிலோவை, எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயாப் புண்ணாக்கைப் போடுங்கள். சோயாவில் லைசின் 2.8 சதவீதம் வரை இருப்பதால் மொத்தம் 816 கிராமாக உயரும். திரியோனினும் கூடவே ஏறிவிடும். மீதமுள்ள பள்ளத்துக்கு 45 கிராம் லைசின் தூளும் 20 கிராம் டிஎல் மெத்தியோனினும் (கடையில் கிடைக்கும் மெத்தியோனின் தூள்) போதும். சோயா நன்றாக வறுபட்டதாக இருக்க வேண்டும். பச்சைச் சோயா செரிமானத்தைத் தடுக்கும், கருகிய சோயாவில் லைசின் வீணாகிவிடும்.

இன்னொன்று. ஆறு வாரத்துக்குப் பிறகு லைசின் தேவை 0.60 ஆகக் குறைகிறது. அப்போது உங்கள் பழைய கலவையே பெரும்பாலும் தாங்கும். பணத்தைக் குஞ்சுப் பருவத்தில் செலவிடுங்கள்.

பதில் 2: குப்பம் பண்ணையாளர்

மேலே உள்ள கணக்கை நானும் ஏற்கிறேன். எங்கள் பக்கமும் கடலை விளையும் ஊர் என்பதால் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் எந்த அமினோ அமிலத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்த பிறகுதான் அஃபிளாடாக்சின் என்ற நஞ்சே கண்டறியப்பட்டது. அது ஈரலைக் கெடுக்கும். வளர்ச்சி சீரற்றுப் போவதும் அதன் அடையாளங்களில் ஒன்று. கட்டியை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். பச்சை படர்ந்தோ, மக்கிய வாடையுடனோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமலும் நஞ்சு இருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்புவது நல்லது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள்.

கொத்திக்கொள்வதற்கு இட நெருக்கடியும் மிகுந்த வெளிச்சமும் காரணமாகலாம். காயம்பட்டவற்றை உடனே பிரித்துவிடுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்றவை விடாது.

வடகரப்பதி வளர்ப்பாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. சோயா வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதுவரை இந்தத் தூள்களைக் குடிநீரில் கலந்து கொடுக்கலாமா?

பதில் 3: உடுமலை தீவன ஆலைப் பணியாளர்

லைசின் தூள் தண்ணீரில் எளிதில் கரையும். மெத்தியோனின் அவ்வளவு எளிதில் கரையாது. தொட்டியின் அடியில் தங்கிவிட, கடைசியில் குடிக்கும் குஞ்சுக்கு மட்டும் மிகுதியாகப் போய்ச் சேரும். சத்து டானிக் பாட்டில்களோ, மேலே கணக்கிட்ட பற்றாக்குறைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே தீவனத்திலேயே கலப்பது நல்லது. இந்த ஒரு வாரத்துக்குப் பழைய கலவையில் 100 கிலோவுக்கு 295 கிராம் லைசின் தூளும் 60 கிராம் மெத்தியோனினும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேராக மூட்டையில் கொட்டிக் கிளறினால் ஒரு பக்கம் மட்டும் தங்கிவிடும். முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் தூளைப் போட்டுக் கையால் பிசறுங்கள். அதைப் பத்துக் கிலோ மாவோடு புரட்டுங்கள். பிறகு முழுத் தீவனத்தையும் தார்ப்பாயில் பரப்பி அதன் மேல் தூவி, மண்வெட்டியால் மூன்று நான்கு முறை இடம் மாற்றிக் குவியுங்கள். தராசு கிராம் கணக்கில் நிறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கைப்பிடி அளவை நம்ப வேண்டாம்.